குழாயைத் திறக்கும் நேரம்

(தொழிற்சங்க ஊழியர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஓர் உருக்காலை முழு வேகத்தில் இயங்கும்போது நச்சுவாயு குழாய்க்குள் இருக்கிறது. தொழிலாளி குழாய்க்கு வெளியே நிற்கிறார். பராமரிப்புக்காக ஆலை நிறுத்தப்படும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. குழாயின் இணைப்புகள் கழற்றப்படுகின்றன. தொட்டியின் மூடி திறக்கப்படுகிறது. சுரண்டவும், வெட்டவும், பற்றவைக்கவும் தொழிலாளி உள்ளே இறங்குகிறார். ஆனால் ஆலைக்கு வெளியே இருப்போர் இதனை நேர்மாறாகவே எண்ணுகின்றனர். இயந்திரம் ஓய்ந்துவிட்டால் ஆபத்தும் ஓய்ந்துவிட்டது என்பது அவர்களது எண்ணம். ஆலைக்கு உள்ளேயும் அந்த எண்ணம் இருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. வாயுவால் நேரும் மரணங்களின் வரலாற்றைப் புரட்டினால், அவற்றுள் பல உற்பத்தியின்போது நேர்ந்தவை அல்ல என்பது தெரியும். நிறுத்தும்போதும், பழுது பார்க்கும்போதும், மீண்டும் ஓட்டிப் பார்க்கும்போதும் நேர்ந்தவை அவை.

சத்தீஸ்கர் மாநிலத்தின் பிலாய் உருக்காலையிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு 1950களில் எழுந்த பொதுத்துறை ஆலை அது. 2014 ஜூன் 12 அன்று மாலை, அந்த ஆலையின் நீரேற்று நிலையம் ஒன்றில் கார்பன் மோனாக்சைடு பரவியது. 6 பேர் இறந்தனர். அவர்களுள் இருவர் துணைப் பொது மேலாளர்கள். 30க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

நீரேற்று நிலையத்துக்குள் நச்சுவாயு எப்படி வந்தது? அங்கே உலை இல்லை, அடுப்பு இல்லை. இருந்தவை தண்ணீரும் பம்புகளும் மட்டுமே. விடை எளியது, எளியது என்பதனாலேயே அச்சமூட்டுவது. தொழிலாளர் 'பிளாஸ்ட் ஃபர்னஸ்' என்று வழங்கும் ஊதுலையிலிருந்து வெளிவரும் வாயு தூசு நிறைந்தது. அதனைத் தண்ணீரால் கழுவித் தூய்மைப்படுத்திய பின்னரே எரிபொருளாகப் பயன்படுத்துவார்கள். அவ்வாறு கழுவுவதற்கான தண்ணீரை அனுப்பும் இடங்களுள் ஒன்றுதான் அந்த நீரேற்று நிலையம். அன்று அங்கே பழுது ஏற்பட்டது; தண்ணீரின் அழுத்தம் குறைந்தது. தண்ணீர் போக வேண்டிய குழாயில், அதற்கு எதிர்த்திசையில், வாயு வந்தது. குழாய்க்குத் திசை கிடையாது. எந்தப் பக்கம் அழுத்தம் மிகுதியோ அந்தப் பக்கத்தின் பொருள் மறுபக்கம் போகும். பழுது என்று கேள்விப்பட்டு அதனைச் சரிசெய்ய வந்தவர்கள், வாயு இருக்கக்கூடிய இடத்துக்கு வருகிறோம் என்று எண்ணி வந்திருக்க மாட்டார்கள்.

இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அபாயப் பகுதிகளின் பட்டியலைத் தயாரிக்கும்போது, எங்கே வாயு இருக்கிறது என்று மட்டும் கேட்பது போதாது. வாயுவோடு குழாயால் இணைந்திருக்கும் இடங்கள் எவை, அவற்றுள் எதன் அழுத்தம் விழுந்தால் வாயு எங்கே போகும் என்று கேட்க வேண்டும். இக்கேள்விக்கு வரைபடத்தைக் காட்டிலும் நன்றாக விடை சொல்லக்கூடியவர், அந்தக் குழாய்த்தொடரில் இருபது ஆண்டுகள் வேலை செய்த பொருத்துநர். அவரைக் கேட்கும் வழக்கம் ஆலைகளில் அருகிவருகிறது.

மணமில்லாத பகைவன்

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காற்றைவிடச் சற்றே இலேசானது. ஆகவே காற்றோடு எளிதில் கலந்துவிடும். இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுடன், உயிர்வாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு அது பிணைந்துகொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் மூளைக்கு உயிர்வாயு போகாது.

தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எட்டு மணிநேர வேலைக்கு அனுமதித்த அளவு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு. ஊதுலை வாயுவிலோ ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் கார்பன் மோனாக்சைடுதான். அதாவது பத்து லட்சத்தில் 2 லட்சம் பங்கு. அனுமதித்த அளவைப்போல் 4,000 மடங்கு. ஒரு ஃபிளாஞ்சு இணைப்பின் இடுக்கு வழியாகக் கசியும் சிறு அளவும், மூடிய அறையில் ஆளை வீழ்த்திவிடும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முதல் அறிகுறிகள் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். மே மாதத்து வெயிலில், உலையின் அனலில் வேலை செய்பவருக்கு இவை நாள்தோறும் நேர்பவை. வெயில் மயக்கம் என்று சொல்லி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவார். உட்கார்ந்த இடமே அவரைக் கொல்லும். அறிவு தெளிவாக இருக்கும்போதே கால்கள் துவண்டுவிடுகின்றன என்று பிழைத்தவர்கள் சொல்வதுண்டு. வெளியேற வேண்டும் என்பது தெரியும், எழ முடியாது.

மருத்துவத்தின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. வெறும் காற்றைச் சுவாசித்தால், இரத்தத்தில் பிணைந்த கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைவதற்கு நான்கைந்து மணிநேரம் ஆகும். முகமூடி வழியே தூய உயிர்வாயு கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் அது நிகழும். ஆகவே மயங்கியவரை கையில் கிடைத்த ஜீப்பில் தூக்கிப் போட்டு விரைவது போதாது. உயிர்வாயு உருளையும், அதனைப் பொருத்தத் தெரிந்த ஒருவரும், வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். பிரதான மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள் உள்ளன என்று ஆண்டறிக்கையில் அச்சிடும் நிர்வாகங்கள், பணியிடத்தில் எத்தனை உருளைகள் உள்ளன என்பதை அச்சிடுவதில்லை.

வால்வை மூடினால் போதுமா?

குழாயைத் திறப்பதற்கு முன்னர் வாயுவின் வரவை நிறுத்த வேண்டும். வால்வை மூடினால் நின்றுவிடும் என்று தோன்றும். ஆனால் ஆண்டுக்கணக்கில் தூசும் தாரும் படிந்த வால்வு முழுமையாக மூடாது. மூடியதாகக் கைச்சக்கரம் காட்டும். உள்ளே விரற்கடை இடைவெளி இருக்கும். எனவேதான் உலகெங்கும் வழங்கும் நடைமுறை, வால்வை மூடியதோடு நில்லாமல், ஃபிளாஞ்சுகளுக்கு இடையே ஓர் இரும்புத் தகட்டைச் செருகி முறுக்கிவிடுவது. தொழிலாளர் மொழியில் அது 'பிளைண்டு'. தமிழில் மறிப்புத் தகடு எனலாம். அல்லது குழாயின் ஒரு துண்டையே கழற்றி எடுத்து, இரு முனைகளையும் மூடிவிட வேண்டும். உருக்காலைகளில் இவற்றோடு 'காகிள்' வால்வும் தண்ணீர் அடைப்பும் பயன்படுகின்றன. தண்ணீர் அடைப்பு என்பது தண்ணீர் இருக்கும்வரைதான் அடைப்பு. நீர்மட்டத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு தகட்டின் விலை என்ன? போபாலை நினைவுகூர வேண்டும்.

1984 டிசம்பர் 2 இரவு, யூனியன் கார்பைடு ஆலையின் குழாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவும் பராமரிப்பு வேலை நடந்தது. அவ்வேலைக்கு முன்னர் செருகப்பட வேண்டிய மறிப்புத் தகடு செருகப்படவில்லை. கழுவிய தண்ணீர், கசியும் வால்வுகளைக் கடந்து, மெத்தில் ஐசோசயனேட் இருந்த 610ஆம் எண் தொட்டியை எட்டியது என்பது தொழிலாளர்கள் அளித்த விளக்கம். நிறுவனமோ நாசவேலை என்று சாதித்தது. பெயர் சொல்லி எவரையும் நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. இந்தத் தகராறை ஒருபுறம் வைத்தாலும், மறுக்க முடியாத பிற செய்திகள் உள்ளன. தொட்டியைக் குளிரச்செய்யும் அமைப்பு அவ்வாண்டு ஜூன் மாதத்திலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிடும் கோபுரம் இயங்கவில்லை. அதற்குச் செல்லும் குழாயின் அரித்துப்போன பகுதி பழுதுபார்க்கக் கழற்றப்பட்டு, மாட்டப்படாமலே இருந்தது. அப்பிரிவில் ஒரு ஷிப்டுக்கு 12 இயக்குநர்கள் இருந்த இடத்தில் 6 பேர் ஆக்கப்பட்டிருந்தனர். தகடு செருகுவதை மேற்பார்க்க வேண்டிய, இரண்டாம் ஷிப்டின் பராமரிப்பு மேற்பார்வையாளர் பணியிடம் சில நாட்களுக்கு முன்புதான் ஒழிக்கப்பட்டிருந்தது.

மிச்சப்படுத்தியது ஒருவரின் சம்பளம். இழப்பீட்டுக் கணக்கில் அரசு ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 5,295. உண்மை எண்ணிக்கை அதனினும் பன்மடங்கு என்று போபால் மக்கள் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றனர்.

இதே ஆலையில், 1981 டிசம்பரிலேயே, பராமரிப்பு வேலையின்போது பாஸ்ஜீன் வாயு தாக்கித் தொழிலாளி ஒருவர் இறந்தார். அடுத்த மாதமே மற்றொரு கசிவில் இருபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போயினர். தொழிற்சங்கம் எச்சரித்தது, நகரில் சுவரொட்டி ஒட்டியது. ஊரைக் கொன்ற ஆலை, அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே தன் தொழிலாளியைக் கொன்றிருந்தது.

'மனிதத் தவறு' என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆங்கில அறிக்கைகளில் அடிக்கடி வரும் தொடரின் தமிழாக்கம் இது. தகடு செருகாதவர் மனிதர். ஆகவே அது மனிதத் தவறு. மேற்பார்வையாளர் பணியிடத்தை ஒழித்த கோப்பில் கையொப்பமிட்டவரும் மனிதர்தாமே? அவரது செயலை எந்த அறிக்கையும் மனிதத் தவறு என்று எழுதுவதில்லை. செலவுக் குறைப்பு என்றே எழுதுகிறது. மூலதனம் மூன்றாம் தொகுதியின் ஐந்தாம் அத்தியாயத்தில், மாறா மூலதனத்தைச் சிக்கனப்படுத்துவது எவ்வாறு தொழிலாளியின் உடலைச் செலவழிப்பதாக முடிகிறது என்பதை மார்க்ஸ் சுரங்கங்களையும் ஆலைகளையும் சான்று காட்டி விளக்குகிறார். தொழிற்சங்க ஊழியர்கள் முதல் தொகுதியோடு நின்றுவிடாமல் அந்த அத்தியாயத்தையும் படிக்க வேண்டும். காற்றோட்டத்துக்கான செலவு இலாபத்தில் கைவைக்கிறது என்பது அப்போதும் அதே கணக்குத்தான்.

அனுமதிச் சீட்டும் அதன் கையொப்பமும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, இவ்விஷயத்தில் இந்நாட்டில் எழுதப்பட்ட நல்ல விதிகளுள் ஒன்று. தொட்டி, குழி, குழாய், புகைவழி முதலான மூடிய இடங்களில் ஆபத்தான வாயு இருக்கக்கூடுமானால், நுழைந்து வெளியேறத் தக்க அளவுள்ள வழி இருந்தாலன்றி எவரையும் நுழைய விடலாகாது. வாயுவை அகற்றவும், மீண்டும் நுழையாமல் தடுக்கவும் இயன்ற எல்லாவற்றையும் செய்த பின்னரும், இரண்டில் ஒன்று வேண்டும். தகுதியுடைய ஒருவர், தாமே செய்த சோதனையின் அடிப்படையில் எழுத்து மூலம் சான்று அளிக்க வேண்டும். அல்லது, உள்ளே போகிறவர் தக்க சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கயிறு கட்டி, அக்கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

'தாமே செய்த சோதனை' என்ற சொற்களில்தான் இந்த விதியின் உயிர் இருக்கிறது. நடைமுறையில் நிகழ்வது வேறு. காலை ஷிப்டின் தொடக்கத்தில் பர்மிட் புத்தகம் அறைக்கு வருகிறது. பத்துப் பதினைந்து சீட்டுகளில் வரிசையாகக் கையொப்பம் இடப்படுகிறது. வாயு அளவு என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதப்படுகிறது. கையொப்பமிட்டவர் அந்தத் தொட்டியின் அருகே அன்று போனாரா என்று கேட்டால், அது அவமதிப்பாகக் கருதப்படுகிறது. எல்லா ஆலைகளிலும் எல்லா நாளும் இவ்வாறுதான் என்று கூறுவது நேர்மையாகாது. சோதிக்காமல் கையொப்பமிட மறுத்து அதற்காக மேலதிகாரியின் சினத்துக்கு ஆளான பொறியாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் விதி, ஒருவருடைய துணிவை நம்பி நிற்பதாக இருக்கக் கூடாது.

காலையில் செய்த சோதனை உண்மையானதாக இருந்தாலும் பிற்பகலுக்கு அது செல்லாது. தொட்டியின் அடியில் சேறு படிந்திருக்கும். குழாயின் உட்புறத்தில் தாரும் நாப்தலீனும் செதில்போல் ஒட்டியிருக்கும். சுரண்டும்போதும், வெல்டிங் சூடு படும்போதும், அவற்றுக்குள் அடைபட்ட வாயு வெளிவரும். எனவே இடைவிடாது அளக்கும் கருவி, உள்ளே வேலை செய்பவரின் சட்டையிலேயே இருக்க வேண்டும். கருவிக்கும் வயதுண்டு. அதனுள் இருக்கும் உணரி காலப்போக்கில் மழுங்கும். அளவு தெரிந்த வாயுவைக் காட்டிச் சரிபார்க்காத கருவி, பூஜ்யம் காட்டுவதற்குக் காரணம் வாயு இல்லாமையா, கருவி செத்துப்போனதா என்று அறிய வழியில்லை.

வாயுவை வெளியேற்றுவதற்காக நைட்ரஜன் செலுத்தப்படுகிறது. கார்பன் மோனாக்சைடைக் கண்டு அஞ்சுகிறவர்களும் நைட்ரஜனைக் கண்டு அஞ்சுவதில்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதானே என்பார்கள். உயிர்வாயு 21 விழுக்காட்டிலிருந்து 19.5க்குக் கீழே இறங்கினாலே அவ்விடம் மனிதர் நுழையத் தகாதது. தூய நைட்ரஜன் நிறைந்த தொட்டிக்குள் இரண்டு மூன்று மூச்சிலேயே நினைவு தப்பும். மூச்சுமுட்டும் உணர்வுகூட வராது, ஏனெனில் உடலுக்கு அந்த எச்சரிக்கையைத் தருவது கரியமில வாயுவின் மிகுதியே அன்றி உயிர்வாயுவின் குறைவு அன்று. வடிகட்டி பொருத்திய முகமூடி இங்கே பயன்படாது. அது நஞ்சைப் பிரிக்கும். இல்லாத உயிர்வாயுவை உண்டாக்காது. உருளையோடு கூடிய சுவாசக் கருவி ஒன்றே வழி. துணி முகமூடியைக் கொடுத்துவிட்டு 'பாதுகாப்புச் சாதனம் வழங்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதும் ஒப்பந்தக்காரர்களும் உண்டு.

கயிற்றின் மறுமுனை

2018 ஜூலை 12 அன்று, ஆந்திரப் பிரதேசம் அனந்தபூர் மாவட்டம் தாடிபத்ரியில் உள்ள தனியார் உருக்காலையில் பழுதுபார்ப்புக்குப் பிந்தைய சோதனை நடந்தபோது கார்பன் மோனாக்சைடு கசிந்தது. 6 தொழிலாளர்கள் இறந்தனர். ஒருவர் பின் ஒருவராக மாண்ட நிகழ்வுகள் ஒவ்வொரு தொழில் நகரத்திலும் உண்டு. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், மூடிய இடங்களில் இறப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிறரைக் காப்பாற்றப் போனவர்கள் என்று குறிப்பிட்டது.

உடன் வேலை செய்பவர் விழுந்து கிடப்பதைக் கண்டு கைகட்டி நிற்க எந்தத் தொழிலாளியாலும் முடியாது. அது வர்க்கத்தின் உயர்ந்த குணம். அந்தக் குணத்தையே கண்ணியாக்குவது, வெளியே கயிறும் சுவாசக் கருவியும் காவலரும் இல்லாத ஏற்பாடு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கலாகாது. ஸ்பேனர் எடுத்து வரச் சொல்லி அவரை அனுப்பிவிடுவது, சின்ன விஷயமாகத் தோன்றும் பெருங்குற்றம். கழிவுநீர்த் தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தாக்கி மடியும் துப்புரவுத் தொழிலாளர்களின் கதையும் இதுவேதான். அங்கே சாதி சேர்ந்துகொள்கிறது. சட்டத்தின் பெயரளவுக் கண்காணிப்பும் இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அம்மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. மரணத்தைத் தடுக்கும் கயிற்றுக்கும் கருவிக்கும் அதில் சிறு பகுதியும் செலவாகாது.

பிலாயில் 2018 அக்டோபர் 9 அன்று, கோக் அடுப்புப் பகுதியின் வாயுக் குழாயில் திட்டமிட்ட பராமரிப்பு வேலை நடந்தபோது தீ வெடித்தது. அன்றே 9 பேர் மாண்டனர். காயமுற்றோரில் மேலும் சிலர் பின்னர் இறந்தனர். பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த தீயணைப்புப் பிரிவினரும் இறந்தோருள் அடங்குவர். 2014க்கும் 2018க்கும் இடையே நான்கே ஆண்டுகள். முதல் விபத்துக்குப் பின் அமைச்சர் வந்தார், விசாரணைக் குழு அமைந்தது. இரண்டாவதற்குப் பின்னும் அவ்வாறே. அதிகாரிகள் சிலர் மீது நடவடிக்கையும் வந்தது. விசாரணை அறிக்கைகளை முழுமையாகத் தொழிலாளர் மொழியில் பெயர்த்து, ஒவ்வொரு பிரிவிலும் வாசித்துக் காட்டும் வழக்கம் மட்டும் வரவில்லை.

யார் உள்ளே இறங்குகிறார்?

2021 ஜனவரி 6, ஒடிசா மாநிலம் ரூர்கேலா உருக்காலையின் நிலக்கரி வேதிப்பொருள் பிரிவு. நச்சுவாயு தாக்கி 4 பேர் இறந்தனர். நால்வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

முன்னர் ஆலைகளில் பராமரிப்புக்கென நிரந்தரப் பிரிவு இருந்தது. எந்த வால்வு கசியும், எந்தக் குழாயின் அடியில் தண்ணீர் தேங்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இன்று அப்பிரிவு சுருங்கி, வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. மூன்று வார ஷட்டவுனுக்கு வந்த தொழிலாளி நான்காம் வாரம் வேறு மாநிலத்தில் வேறு ஆலையில் இருப்பார். ஆலையின் நினைவாற்றல் என்று ஒன்று உண்டானால், அது ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் அழிக்கப்படுகிறது. நிறுத்திய ஒவ்வொரு மணிநேரமும் உற்பத்தி இழப்பு என்று கணக்கிடும் நிர்வாகம், வேலையை முன்கூட்டி முடிக்குமாறு ஒப்பந்தக்காரரை நெருக்குகிறது. அவர் அந்நெருக்கடியைக் கூலியாளின் தலையில் இறக்குகிறார்.

மொழியும் இதில் அடங்கும். பர்மிட் ஆங்கிலத்தில் இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது. உள்ளே இறங்குபவர் ஒடியாவோ சந்தாலியோ தெலுங்கோ பேசுகிறவர். அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொன்னது. பெரும்பான்மை என்னும் சொல், அந்த வாரம் அந்தத் தொட்டியில் இறங்கும் எட்டுப் பேருக்குப் பொருந்தாமல் போகிறது. போபாலிலும் இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில்தான் இருந்தன. மொழிபெயர்ப்பு என்பது இலக்கியப் பணி மட்டுமன்று. சில இடங்களில் அது சுவாசக் கருவிக்கு நிகரான பாதுகாப்புச் சாதனம்.

1987இல், போபாலின் விளைவாக, தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான செயல்முறை கொண்ட ஒவ்வோர் ஆலையிலும் தொழிலாளர், நிர்வாகம் என இருதரப்பும் சம எண்ணிக்கையில் அமைந்த பாதுகாப்புக் குழு கட்டாயமாயிற்று. உடனடி ஆபத்தைப் பற்றி நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒரே சமயத்தில் தெரிவிக்கும் உரிமை 41-எச் பிரிவில் தொழிலாளிக்குக் கிடைத்தது. அது தெரிவிக்கும் உரிமை மட்டுமே. வேலையை விட்டு விலகி நிற்கும் உரிமை அன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கை, உயிருக்கு உடனடிப் பேராபத்து என்று நம்புவதற்கு நியாயமான காரணமிருந்து விலகிய தொழிலாளியைத் தண்டிக்கலாகாது என்கிறது. 2022இல் அந்த அமைப்பு பாதுகாப்பான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. அங்கும் தெரிவிக்கும் உரிமைதான். மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்தது 20 ஆகிவிட்டது. பாதுகாப்புக் குழு, அரசு ஆணையிட்டால் அமைக்கப்படுவதாகிவிட்டது. சட்டத்தின் உடலில் இருந்த விதிகள் பலவும் அறிவிக்கையால் மாற்றக்கூடிய தரநிலைகளுக்குப் பெயர்க்கப்பட்டன. ஆய்வாளருக்கு 'வசதி ஏற்படுத்துபவர்' என்ற பட்டமும் சேர்ந்தது. யாருக்கு வசதி என்று கேட்கத் தோன்றுகிறது.

இவற்றினும் கூர்ந்து நோக்க வேண்டிய ஒரு விதி உண்டு. மையமான வேலைகளில் ஒப்பந்த முறை கூடாது என்று அச்சட்டம் சொல்கிறது. உடனே மையமான வேலையல்லாதவற்றின் பட்டியலைத் தருகிறது. கட்டுமானப் பணிகளும் அவற்றின் பராமரிப்பும் அதில் உள்ளன. பட்டியலின் கடைசியில், மையமான வேலையே ஆனாலும் இடைவிட்டு நடப்பதாயின் அதுவும் விலக்கு என்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஷட்டவுன் வேலையைக் காட்டிலும் இடைவிட்டு நடப்பது எது? ஆலையிலேயே மிக ஆபத்தான வேலை, ஒப்பந்தத்துக்கு விடத் தக்க வேலை என்று சட்டத்தின் வாயாலேயே சொல்லவைக்க இந்த ஒரு வரி போதும்.

இச்சட்டத்தை எதிர்க்கும் போராட்டம் தொடரும். அதனிடையே, சட்டம் மாறும்வரை காத்திராமல் ஆலை மட்டத்திலேயே வென்றெடுக்கக்கூடியவை உள்ளன. பர்மிட்டின் ஒரு படி, உள்ளே இறங்குபவரின் மொழியில், தொட்டியின் வாயிலிலேயே தொங்க வேண்டும். சோதனை செய்யும்போது இறங்கப்போகிறவர்களுள் ஒருவர் உடன் நின்று கருவியின் எண்ணைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. மறிப்புத் தகடு ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, செருகியவர் பெயரும் எடுத்தவர் பெயரும் பதிய வேண்டும். சங்கப் பாதுகாப்புக் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளர் பிரதிநிதி இல்லாவிட்டால் அந்தக் குழு பாதிக் கண்ணோடு பார்க்கிறது என்பதை நிரந்தரத் தொழிலாளர் சங்கங்கள் ஏற்க வேண்டும். இது கசப்பான விஷயம். நிரந்தரத் தொழிலாளி செய்ய மறுத்த வேலையே ஒப்பந்தத் தொழிலாளிக்குப் போகிறது என்னும்போது, அந்த மறுப்பு அரை வெற்றிதான்.

ஷட்டவுன் அட்டவணை பல வாரங்களுக்கு முன்பே தயாராகிவிடுகிறது. அதன் படி ஒன்றைச் சங்கம் கேட்டுப் பெற வேண்டும். எந்த நாளில் எந்தக் குழாய் திறக்கப்படும், அப்போது அருகில் எத்தனை சுவாசக் கருவிகள், எத்தனை உயிர்வாயு உருளைகள், உருளைகளில் அழுத்தம் எவ்வளவு என்பதைக் கிளைக் கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். அழுத்தமானியின் முள்ளைப் போய்ப் பார்த்துவர, அந்தக் கூட்டத்திலேயே இருவர் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.